டிராக் டே எதைக் கற்றுத்தருகிறது?

சினிமாவுக்கு விமரிசனம் எழுதுகிறோம், புத்தகத்துக்கு எழுதுகிறோம், பிரியாணிக் கடைக்குக்கூட எழுதுகிறோம். ஒரு நாள் பயிற்சி நிகழ்ச்சிக்கு மட்டும் யாரும் எழுதுவதில்லை. போய்வந்தவர் 'செம அனுபவம்'னு நாலு போட்டோ போடுவார். போகாதவர் 'காசு இருக்கிறவங்க பொழுதுபோக்கு'ன்னு தள்ளிவிடுவார். இரண்டையும் படிக்கிறவருக்கு ஒண்ணும் கிடைக்காது. ஒரு நிகழ்ச்சி தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது, சொன்னதைச் செய்கிறதா, செய்வதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டுப் பார்க்கலாம். சமீபத்தில் ஒரு கார் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் நடத்திய டிராக் டேக்கு முதல்முறையாகப் போயிருந்தேன். அந்த நாளை இந்த மூன்று கேள்விகளோடு பார்க்கும் குறிப்பு இது. எந்தக் கிளப் என்பது இங்கே முக்கியமில்லை.

அழைப்பில் இரண்டு வாக்குறுதிகள் இருந்தன. ஒன்று, உங்கள் சொந்தக் காரை அதன் முழுத் திறனுக்கு ஓட்டிப் பார்க்கலாம். இரண்டு, இங்கே பழகுவது உங்களைச் சாலையிலும் பாதுகாப்பான ஓட்டுநராக்கும். முதல் வாக்குறுதி நிறைவேறியது. இரண்டாவதைப் பற்றித்தான் பேசவேண்டியிருக்கிறது.

ரேஸ் இல்லை, அப்போ என்ன?

இருங்காட்டுக்கோட்டை டிராக், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புடையது. 1953-ல் தொடங்கிய அந்தக் கிளப், பல வருஷம் சோழவரத்தில் இருந்த போர்க்கால விமான ஓடுதளத்தில் ரேஸ் நடத்தியது. 1990-ல் ஶ்ரீபெரும்புதூர் பக்கம் தனக்கென்று ஒரு டிராக் கட்டிக்கொண்டது. நீளம் 3.717 கிலோமீட்டர். வளைவுகள் 12. அவற்றுக்குப் பெயர் கிடையாது, சி-1, சி-2 என்று எண்தான்.

டிராக் டே என்பது இப்படி ஒரு டிராக்கை ஒரு கிளப் நாள் வாடகைக்கு எடுத்து, உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் கார்களில் ஓட்டிப் பார்ப்பது. பரிசு கிடையாது, போட்டி கிடையாது. அனுபவத்தைப் பொறுத்து மூணு குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழு 20 நிமிஷம் ஓட்டும், மற்ற இரண்டும் நிழலில் உட்கார்ந்திருக்கும். பிறகு முறை மாறும்.

காலையில் முதல் வேலை காரைச் சோதிப்பது. வீல் நட்டுகள் சரியான இறுக்கத்தில் இருக்கா, பேட்டரி ஆடுதா, டயரில் வெடிப்பு உண்டா, பிரேக் ஆயில் எப்போ மாத்தினது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். காருக்குள் தளர்வாக எதுவும் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில், ஸ்டெப்னி, குடை, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையார் உட்பட எல்லாம் இறங்கியது. ஒரு பையன் பிள்ளையாரைக் கழற்றத் தயங்கினான். "அண்ணா, பிரேக் புடிச்சா அவரும்தான் பறப்பாரு" என்றார் சோதனை செய்தவர்.

அடுத்தது வகுப்பு. அரை மணி நேரம். அதில் பெரும்பகுதி கொடிகளைப் பற்றி. மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தாதே. சிவப்பு என்றால் செஷன் நிறுத்தப்பட்டது, நிதானமாக பிட்டுக்குத் திரும்பு. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது. கறுப்பு என்றால் உன்னோடு பேசவேண்டியிருக்கிறது, உள்ளே வா. முந்துவது நேர்ப்பாதையில் மட்டும். அதுவும் முன்னால் போகிறவர் இண்டிகேட்டர் போட்டு, கைகாட்டி வழிவிட்டால்தான். பிறகு பயிற்சியாளர் காருக்குப் பின்னால் வரிசையாக ஒரு மெதுவான சுற்று. அதற்கப்புறம் நாம்தான், நம்ம கார்தான்.

உண்மையிலேயே கற்றுக்கொடுப்பவை

குறை சொல்வதற்கு முன் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை சின்ன விஷயங்கள் இல்லை.

முதலாவது பிரேக். 1000 கிலோ எடையுள்ள கார் 120 கி.மீ. வேகத்திலிருந்து 60-க்கு இறங்கும்போது கழிக்கவேண்டிய ஆற்றல் சுமார் 417 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் 1.4 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசிதான், மீதி முக்கால்வாசியும் பெரும்பாலும் பிரேக்கில் வெப்பமாகிறது. ஒரு சுற்றில் இப்படி மிதிப்பது நாலு இடத்தில் என்று வைத்தாலும், எட்டு சுற்றில் 32 தடவை, நடுவில் ஆறவிடாமல். புது டாட்-4 பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி இருக்கவேண்டும் என்பது தர விதி. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அந்த வரம்பு 155-தான். ஆயில் கொதித்தால் குமிழி வரும். திரவத்தை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். அதனால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டாவது செஷனின் ஐந்தாம் சுற்றில் என் காலுக்கே அது தெரிந்தது. வகுப்பில் சொன்னபடி வேகத்தைக் குறைத்து, பிரேக்கைத் தொடாமல் ஒரு சுற்று போய் ஆறவிட்டேன். ஏற்காடு மலைப்பாதையில் இறங்கும்போது ஏன் கியரில் இறங்கச் சொல்கிறார்கள் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இரண்டாவது, டயரின் பிடி. அதை மாசச் சம்பளம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். பிரேக்குக்கு எவ்வளவு செலவழிக்கிறோமோ அவ்வளவு ஸ்டியரிங்குக்குக் குறையும். அதனால்தான் வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போது பிரேக்கை முடித்துவிட்டு, அப்புறம் திருப்பச் சொல்கிறார்கள். வேகம் என்பது ஆக்சிலேட்டரில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் இங்கே வந்தால், அது பெரும்பாலும் பிரேக்கை எங்கே விடுகிறோம் என்பதில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது, கண். கார் கண் போகும் இடத்துக்குப் போகிறது. வளைவுக்குள் நுழையும்போதே அதன் வெளிவாசலைப் பார்க்கவேண்டும். பயந்து மண்ணைப் பார்த்தால் மண்ணுக்குத்தான் போவோம். இது நாள் முழுக்க எல்லாரும் திரும்பத் திரும்பச் சொன்ன பாடம்.

நான்காவதைக் கிளப் ஒரு பாடமாகவே கருதவில்லை. ஆனால் எனக்கு அன்றைக்குப் பிடித்த விஷயம் அதுதான். கேட்காமல் யாரும் முந்தவில்லை. வழி விடுவதை யாரும் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹாரன் சத்தம் இல்லை, ஹைபீம் இல்லை. பெரிய ஜெர்மன் கார் ஒன்று ஒரு பழைய ஹேட்ச்பேக்குக்குப் பின்னால் மூணு வளைவு பொறுமையாகக் காத்திருந்து, கைகாட்டினதும் போனது. நம்ம ஊர் சாலையில் இந்தக் காட்சி எத்தனை தடவை கிடைக்கும்?

இரண்டாவது வாக்குறுதி

இப்போது விஷயத்துக்கு வருவோம். இதெல்லாம் ஒருவரைச் சாலையில் பாதுகாப்பான ஓட்டுநர் ஆக்குமா?

கேள்வி புதிதில்லை. 1974-ல் ஆலன் வில்லியம்ஸ், பிரையன் ஓ'நீல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைத் தேடிப் பார்த்தார்கள். ரேஸ் உரிமம் வைத்திருந்த ஓட்டுநர்களின் சாலைப் பதிவேடுகளை, மற்ற ஓட்டுநர்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டார்கள். திறமைதான் பாதுகாப்பு என்றால் ரேஸ் ஓட்டுநர்களின் பதிவு சுத்தமாக இருக்கவேண்டும். கிடைத்தது நேர்மாறு. அவர்களுக்குத்தான் விபத்துகளும் அதிகம், வேக விதிமீறல்களும் அதிகம். ரேஸ் ஓட்டியதால் அப்படி ஆனார்கள் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. வேகப் பிரியர்கள்தான் ரேஸுக்குப் போகிறார்கள் என்றும் இருக்கலாம். ஆனால் ஒன்று நிச்சயம். காரைக் கையாளும் திறமை அவர்களைக் காப்பாற்றவில்லை.

நார்வேயில் நடந்தது இன்னும் நெருக்கமான உதாரணம். அங்கே புதிய ஓட்டுநர்களுக்கு வழுக்கும் சாலையில் காரைக் கட்டுப்படுத்தும் பயிற்சியைக் கட்டாயமாக்கினார்கள். யோசனை நியாயமானது, பனி விழும் நாடு. 1988-ல் ஆல்ஃப் கிளாட் அதை மதிப்பிட்டபோது, இளம் ஆண் ஓட்டுநர்களின் வழுக்கு விபத்துகள் குறையாமல் கூடியிருந்தன. உரிமம் பெற்ற பிறகு தரும் ஓட்டுநர் பயிற்சிகளைப் பற்றிய சோதனைகளை எல்லாம் திரட்டிப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வும், அவை விபத்தைக் குறைக்கின்றன என்பதற்குச் சான்று இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தது.

ஏன் இப்படி? இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ஸ்வீடனிலிருந்து வருகிறது. நில்ஸ் பெட்டர் கிரெகர்சன் 1996-ல் வெளியிட்ட ஒரு சின்னச் சோதனை. பழகுநர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு வழுக்கும் தரையில் பிரேக் பிடிக்கவும் விலகவும் திறமையைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, இந்தச் சூழ்நிலையில் உங்கள் திறமை போதாது, கணிக்கவே முடியாது என்பதை அனுபவத்தில் உணரவைத்தார்கள். பிறகு பரிசோதித்தால் இரண்டு குழுவின் உண்மையான திறமையிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் திறமைப் பயிற்சி பெற்ற குழு தன் திறமையைக் கூடுதலாக மதிப்பிட்டது. கற்றுக்கொண்டதைவிட, கற்றுக்கொண்டோம் என்ற நினைப்பு அதிகமாக வளர்ந்துவிட்டது.

இதை அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் கண்ணால் பார்க்கலாம். காலையில் 'சார், சி-1 பார்த்தா பயமா இருக்கு' என்றவர்கள், மதியம் நூற்றிருபதில் கார் எவ்வளவு நிலையாக இருந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். காரில் எதுவும் மாறவில்லை. காலையில் பயந்த ஆள்தான் மாறியிருந்தார்.

டிராக்கில் இல்லாதவை

திறமை ஏன் சாலைக்கு அப்படியே வருவதில்லை என்பதற்கு இன்னொரு காரணம், டிராக்கின் அமைப்பிலேயே இருக்கிறது. சாலையைச் சாலையாக ஆக்குகிற எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவதுதான் டிராக்.

டிராக்கில் எங்கே பிரேக் பிடிக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். பலகை வைத்திருக்கிறார்கள். எட்டாவது தடவை வரும்போது கால் தானாகவே தயாராகிவிடும். சாலையில் அந்தப் பலகை இல்லை. பிரேக் பிடிக்க எடுக்கும் நேரத்தைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த மார்க் கிரீன் கணக்குப்படி, எதிர்பார்த்திருக்கும் ஓட்டுநருக்கு முக்கால் விநாடி போதும். திடீரென்று ஒன்று குறுக்கே வந்தால் ஒன்றரை விநாடி. நூறு கி.மீ. வேகத்தில் முக்கால் விநாடியில் 21 மீட்டர் போவோம், ஒன்றரை விநாடியில் 42 மீட்டர். அந்த 21 மீட்டர் வித்தியாசம், டிராக்கில் நாள் முழுக்கப் பழகினாலும் குறையாது. ஏனென்றால் டிராக்கில் அது வரவே வராது.

அடுத்தது, யாரோடு ஓட்டுகிறோம் என்பது. டிராக்கில் எல்லாரும் ஒரே திசையில், எல்லாரும் ஹெல்மெட்டோடு, எல்லாரும் காரில். வெளியே வந்தால் சென்னை–பெங்களூர் தேசிய நெடுஞ்சாலை. சிப்காட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள், கன்டெய்னர் லாரி, ஷேர் ஆட்டோ, யூ-டர்ன் தூரம் என்று ராங் சைடில் வரும் டூவீலர், சென்டர் மீடியனைத் தாண்டிக் கடக்கும் குடும்பம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் டூவீலரில் போனவர்கள், 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். இறந்தவர்களில் ஏறக்குறைய மூணில் இரண்டு பங்கு காருக்கு வெளியே, உடம்பைச் சுற்றி எந்த இரும்பும் இல்லாமல் இருந்தவர்கள். கார் ஓட்டுகிறவர் வளைவில் சறுக்காமல் திரும்பக் கற்றுக்கொள்வதால் இவர்களுக்கு என்ன கிடைக்கும்? இவர்களுக்கு வேண்டியது அந்தக் கார் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் தள்ளி வருவதுதான்.

ஒரு அப்பாவின் வாதம்

இதற்கெல்லாம் எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அதைச் சொன்னவர், கல்லூரியில் படிக்கும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த ஒரு அப்பா. அவர் ஓட்டவில்லை. பிட் சுவருக்குப் பின்னால் நின்று, மகன் கடந்துபோகும் ஒவ்வொரு சுற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படியும் வேகமாத்தான் ஓட்டப்போறான் சார். நான் இல்லாதப்ப ஈசிஆர்ல ஓட்டுறதுக்கு, இங்க ஓட்டி ஆசையைத் தீத்துக்கட்டும்."

இந்த வாதத்தை லேசாக ஒதுக்க முடியாது. ஓடுவதற்கு ஓர் இடம் வேண்டும், இது அந்த இடம். மஞ்சள் கொடியோடு, ஆம்புலன்ஸோடு, எதிரே யாரும் வராத இடம். இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடப்பதோடு ஒப்பிட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்கு இது நிச்சயம் மேல். சந்தேகம் அடுத்த நாளைப் பற்றித்தான். ஆசை என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி, திறந்துவிட்டால் காலியாகிவிடும் என்று இந்த வாதம் நினைக்கிறது. நார்வே அனுபவத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பசியைவிடப் பழக்கத்துக்குத்தான் அது நெருக்கம்.

அந்தப் பையன் இறங்கி வந்ததும் முதலில் கேட்டது, "அப்பா, டைம் எடுத்தியா?" கிளப் நேரம் அளக்கவில்லை. காலை வகுப்பில் அதைப் பெருமையாகவே சொன்னார்கள். ஆனால் பாதிக் கார்களில் போன் ஆப் ஓடிக்கொண்டிருந்தது. டீ குடிக்கும் இடத்தில் பேச்சே அதுதான். 'போட்டி இல்லை' என்று அறிவித்தால் மட்டும் போட்டி போய்விடாது. அந்த இடத்தை நிரப்ப வேறு ஒன்றைக் கொடுக்கவேண்டும். கிளப் கொடுக்கவில்லை.

என்ன செய்திருக்கலாம்

என் முக்கியமான குறை இதுதான். சாலைப் பாதுகாப்பைச் சொல்லி அழைத்துவிட்டு, அதற்கென்று ஒரு பத்து நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. செய்வதற்கு வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை.

நேர்ப்பாதையில் ஒரு கூம்பு வைத்து, 60-ல் வந்து பிரேக் பிடித்தால் கார் எங்கே நிற்கும் என்று ஓட்டுநரையே முதலில் குறிக்கச் சொல்லலாம். பிறகு அதே இடத்தில் 80, அப்புறம் 100. அடுத்து, பலகை இல்லாமல், எப்போது வரும் என்று தெரியாத ஒரு விளக்கைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லலாம். தான் குறித்த கூம்புக்கும் கார் நின்ற இடத்துக்கும் நடுவே நடந்துபோய் எண்ணிப் பார்க்கச் சொல்லவேண்டும். கிரெகர்சன் இரண்டாவது குழுவுக்குச் செய்ததன் சாரம் இதுதான். உன்னால் என்ன முடியும் என்பதோடு, உன்னால் என்ன முடியாது என்பதும்.

அடுத்தது, முதல்முறை வருகிறவர் பக்கத்தில் ஒரு பயிற்சியாளர் உட்காரவேண்டும். அமெரிக்க கார் கிளப்புகள் பலவற்றில் புதியவரைத் தனியாக அனுப்புவதே இல்லை. மெதுவான ஒரே சுற்றில் 12 வளைவும் யாருக்கும் மண்டையில் ஏறாது.

மூன்றாவது, காகிதம். நம் ஊர் வழக்கமான கார் இன்ஷூரன்ஸ் பாலிசியில், ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்ற உபயோகங்களுக்குப் பாதுகாப்பு இல்லை என்று எழுதியிருக்கும். டிராக் டே ரேஸ் இல்லை என்று கிளப் சொல்வது சரிதான், ஆனால் இன்ஷூரன்ஸ்காரர் அந்த வாதத்தைக் கேட்பார் என்று நம்பிப் போகக்கூடாது. கார் சேதமானால் கைக்காசு என்று எண்ணித்தான் போகவேண்டும். எங்களிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தில் பொறுப்புத் துறப்பு இரண்டு பக்கம் இருந்தது. இதை யாரும் வாயால் சொல்லவில்லை.

போகலாமா?

போகலாம். நான் திரும்பவும் போவேன். கார் என்ற இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று உடம்பால் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 3.717 கிலோமீட்டரை இரண்டரை நிமிஷத்துக்கு மேல் எடுத்துச் சுற்றிவந்த அந்தச் சுற்றுகளின் சந்தோஷத்துக்கு எந்த நியாயமும் தேவையில்லை. மீன் பிடிப்பவரும் மலை ஏறுபவரும் சமூக நலனுக்காகச் செய்கிறோம் என்று சொல்வதில்லை. டிராக் டேயும் அப்படியே இருக்கலாம். விளையாட்டு என்று சொல்லி விற்றால் அதில் பொய் இல்லை.

பாதுகாப்பு என்று சொல்லி விற்கும்போதுதான் ஆபத்து. ஏனென்றால் அந்தச் சொல்லை நம்பி ஒரு அப்பா பணம் கட்டியிருக்கிறார். கிளம்பும்போது அவர் என்னிடம், "இனிமே கொஞ்சம் பயமில்லாம விடலாம், இல்ல சார்?" என்று கேட்டார். இந்த ஆய்வுகளை எல்லாம் பார்க்கிங்கில் நின்று சொல்ல முடியாது. "வண்டிய நல்லா புரிஞ்சுக்கிட்டான் சார். ஆனா ரோடு வேற. இன்னைக்கு வீட்டுக்கு நீங்களே ஓட்டுங்க. ஒரு வாரம் அவன் பக்கத்துல உக்காந்து போங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மகனிடம் சாவியைக் கேட்டார். கொடுத்தானா இல்லையா என்று பார்க்க நான் நிற்கவில்லை, பின்னால் வண்டிகள் வந்துவிட்டன.